இளவரசி மாட்டிய கடிகாரம்

வளவனூரில் என் பழைய அம்பாசடரைத் தெரியாதவர்கள் இல்லை. அதன் டேஷ்போர்டில் உருண்டையாக ஒரு கடிகாரம் உண்டு. கொஞ்ச நாளாக அது நின்று கிடந்தது. சட்டைப் பையில் போன் இருக்கும்போது அது எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

திண்டிவனத்தில் என் மகள் கலைப்பிரியாவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். முதல் கரு தங்காமல் போனதிலிருந்து அவள் மாமியார் தைலம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் பயம். காருக்குள் எட்டிப் பார்த்தவர், "நின்னுபோன கடிகாரத்த வெச்சிக்கினு புள்ளத்தாச்சிய கூப்பிட வந்துக்கிறீங்களே அண்ணே. பிரசவம் இங்கியே ஆவட்டும்" என்று முடித்துவிட்டார். வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். சகுனம் கண்ணில் பட்டுவிட்டது, அதைச் சரி பண்ணாமல் எதிலும் அனுப்பமாட்டேன் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மகளோ அழுதுவிடுவாள் போல் இருந்தாள்.

பந்தி முடிவதற்குள் மரக்காணம் சாலையில் இருக்கும் இளவரசியின் கார் எலக்ட்ரிக் கடைக்கு வண்டியை விரட்டினேன். கடலோரக் குப்பத்தில் பிறந்தவர் அவர். அப்பாவின் படகு இன்ஜினில் ஒயர் வேலை பழகியவர். புருஷன் கார் எலக்ட்ரீஷியன். அவர் இறந்ததும் கடையை மூடச் சொல்லாத ஆள் இல்லை. இளவரசி மூடவில்லை. புடவைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். கடிகாரத்தின் முதுகு கண்ணுக்குத் தெரியாது, ஒரு கைதான் போகும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலையில் கிழிசல் தேடுவதுபோல் விரல்கள் உள்ளே தடவிக்கொண்டு போயின. நட்டு வந்தது, பட்டை வந்தது, ஒயர் வந்தது. கடைசியில் கடிகாரமே முன்பக்கமாகக் கழன்று அவர் கையில் வந்தது. டேஷ்போர்டில் ஒரு கீறல் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிரித்துக் காட்டினார். உள்ளே சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நானே குழைத்துக் கடிகாரக் கண்ணாடியில் அப்பியது. நேரம் திருப்பும் திருகு வழியாக உள்ளே இறங்கி, பல்சக்கரங்களில் கல்லாக இறுகியிருந்தது. வழியெல்லாம் சம்பந்தியைத் திட்டிக்கொண்டு வந்த நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"சாமி தப்பா நெனைக்காது அண்ணே. இனிமே ஸ்டேரிங்குக்கு மட்டும் பொட்டு வெச்சிக்குங்க" என்றார்.

பழைய சாமான் பெட்டியில் அதே அளவில் வேறொன்று இருந்தது. அதை மாட்டி, பேட்டரியை இணைத்தார். நொடி முள் நகர்ந்தது.

திரும்பி வந்ததும் தைலம்மாள் கடிகாரத்தில் காதை வைத்துக் கேட்டார். கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மருமகளைத் தானே கைப்பிடித்துக் காரில் ஏற்றினார்.

வழியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கலைப்பிரியா காரை அந்தக் கடைக்குத் திருப்பச் சொன்னாள். இறங்கிப் போய், மீதமிருந்த கண்ணாடி வளையல்களையும் தன் கையையும் இளவரசியிடம் நீட்டினாள். இளவரசி பின்வாங்கினார்.

"நான் தாலியறுத்தவம்மா. இதெல்லாம் போடக்கூடாது."

"நின்னுபோனத ஓட வெச்ச கை அக்கா இது. நீங்க போடுங்க."

இளவரசி குழாயடிக்குப் போய் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்தார். கழுவிவிட்டு மறுபடியும் சோப்பு போட்டார். நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.