கரண்ட் போன தறிக்கூடத்தில் கற்ற பேச்சு

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு அப்போது தண்ணீர்க் குழாய் கிடையாது. பக்கத்துத் தெரு முனையோடு குழாய் நின்றுவிட்டது. எங்கள் பெண்கள் ரயில் தண்டவாளம் தாண்டிப் போய்த்தான் கிணற்றில் இறைத்து வர வேண்டும். என் வீட்டுக்காரிக்கு அது ஐந்தாம் மாதம். அவள் இடுப்பில் குடத்தோடு தண்டவாளத்தில் கால் வைக்கிற நேரமெல்லாம், தறியில் நிற்கிற எனக்கு நூல் அறுந்தது கண்ணில் படாது.

பள்ளிக்கூட மண்டபத்தில் அதிகாரி வந்து குறை கேட்பதாகச் சொன்னார்கள். தெருக்காரர்கள் என்னைத்தான் பேச அனுப்பினார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். என் தொண்டையை நம்பித்தான் அனுப்பினார்கள். விசைத்தறி ஓடுகிற கூடத்தில் பக்கத்து ஆளிடம் நூல் கேட்கவும் கத்தத்தான் வேண்டும். இருபது வயதிலிருந்து கத்திப் பழகிய தொண்டை.

மைக்கைப் பிடித்துத் தறிக்கூடத்தில் பேசுவது போலவே பேசினேன். மைக் கூவென்று ஊளையிட்டது.

"அண்ணாச்சி, மைக்கை முழுங்கிராதிய!" என்றான் மைக் செட்டுக்காரன். மண்டபமே சிரித்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா, சண்டைக்கா வந்திருக்கீங்க? எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோயில்ல கோமதியம்மாகிட்ட நின்னு கேக்குதப்ப இப்பிடியா கத்துதிய? அங்கன உங்க வாய் அசையறது எனக்கே தெரியாது. ஆனா அவ குடுக்கத்தான செய்தா?"

"ஏட்டி, அவ சாமி. இவரு ஆபீசரு."

"ரெண்டு பேருகிட்டயும் கேக்கத்தான போறிய?"

இந்தச் சொல் என்னை விடவில்லை. அந்த வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. எதிரே நின்றவன் கத்திக்கொண்டிருந்த வார்த்தை மட்டும் தனியாகக் கூடத்தில் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெட்கப்பட்டு, "கரண்ட் எப்ப வருமாம்?" என்று மெல்லக் கேட்டான். அந்த மெல்லிய கேள்வி கடைசித் தறிக்காரனுக்கும் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. முதலில் அமைதி வர வேண்டும், அதற்குப் பிறகு பேச்சு. அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் நின்ற தறியின் முன்னால் தண்ணீர்க் குறையை மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

அடுத்த மாதம் கோமதி அம்பாளைக் கும்பிட்டுவிட்டு, கோயிலில் பிரசாதமாகத் தந்த புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றேன். உடனே பேசவில்லை. மூச்சை இழுத்து விட்டேன். பேச்சு வராததைக் கண்டு, அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐயா, என் வீட்டுக்காரிக்கு ஆறு மாசம்."

நிறுத்தினேன்.

"தண்ணிக்குத் தண்டவாளம் தாண்டிப் போறா. ஒரு நாளைக்கு ஏழு நடை."

பின்னாலிருந்து எங்கள் தெருக்காரர் ஒருவர், "சத்தமாச் சொல்லும் வே! தொண்டைய வீட்டுல வச்சிட்டு வந்தீரா?" என்றார். பழைய கத்தல் வாய் வரை வந்தது. அம்மா தாயே என்று அடக்கிக்கொண்டேன்.

"அவர் பேசுறது எனக்குக் கேக்குது. நீங்க உக்காருங்க," என்றார் அதிகாரி. பிறகு என்னிடம், "குழாய் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றார்.

"எங்க தெருவுக்கு நூறடி முன்னால நிக்குது ஐயா. அந்த நூறடிதான் கேக்குதோம்."

மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே குழாயை நீட்ட உத்தரவு எழுதச் சொன்னார். சத்தம் போடச் சொன்ன அதே மனிதர் வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் எங்கள் தெருவில் குழாய் திறந்தார்கள். முதல் குடத்தை அவள்தான் பிடிக்க வேண்டும் என்று தெருப் பெண்கள் எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். அதில் ஒரு செம்பு மொண்டு அம்பாள் படத்தின் முன் வைத்தாள். பிள்ளைக்கு ஊற்றிய முதல் தண்ணீரும் அந்தக் குழாய்த் தண்ணீர்தான்.

மகள் பிறந்த சந்தோஷத்தில் குனிந்து, "ஏ தாயீ!" என்று கூப்பிட்டேன். பிள்ளை வீறிட்டது.

"ஒரு சாண் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள்.