சாரை குடித்த முட்டை

போன ஞாயிறு காலை முட்டை பொரிக்கலாமென்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். தட்டில் இருந்த பத்து முட்டைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கண், மூக்கு, மீசை. ஐந்து வயது மகளின் கைவேலை. ஒன்றுக்கு மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது, அது நானாம். "அப்பாவை உடைக்கக் கூடாது" என்று அவள் குசினி வாசலில் மறியலுக்கு நின்றாள். ஆகவே அன்று பாணும் சம்பலும்.

பாணைக் கடித்துக்கொண்டிருக்கையில் வைக்கோலும் கரியும் கோழி எச்சமும் கலந்த மணமொன்று வந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்திராது. என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். நான் ஒருகாலத்தில் நாலு நாள் அடைகாத்தவன்.

சிரிக்காமல் கேளுங்கள். தொண்ணூறுகள் முடிகிற காலம். தகப்பனார் இரத்தினபுரியில் வைத்திருந்த கடை போன பிறகு நாங்கள் தீவிலுள்ள சொந்த ஊரான சரவணைக்குத் திரும்பியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் தொழில் எதுவுமில்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சின்ன முன்பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை இருக்கிறதென்றார்கள். பாலர்களுக்குப் படிப்பிப்பது பெண்களின் வேலை என்பது ஊரின் முடிவு. ஆனால் அந்த மாதம் வேறு யாரும் கேட்கவில்லை. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். பெரிய ரீச்சர் பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாட்டுப் பாடுவீரோ?" என்று கேட்டார். பாடினேன். "சரி, அதைவிட்டிட்டு மற்றதைச் செய்யும்" என்றார்.

சுவரில் மிருகங்களின் படமொன்று தொங்கியது. கங்காரு, பனிக்கரடி, ஒட்டகச்சிவிங்கி. முதல் நாள் நான் கம்பால் பனிக்கரடியைத் தொட்டுக்காட்டி அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்:

"உதைக் குழம்பு வைக்கிறதோ சேர், பொரிக்கிறதோ?"

பிறகு யாழ்ப்பாணத்தில் இரண்டு கிழமைப் பயிற்சி. பிள்ளை தொட்டுப் பார்க்காததைப் படிக்காது, படத்தைக் கழற்றிவிட்டு உயிருள்ளதைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். நான் கேட்டதை அப்படியே நம்புகிறவன். அடுத்த திங்கட்கிழமை துணிப்பைக்குள் ஒரு நண்டைப் போட்டு, 'கைவிட்டுத் தடவி என்னவென்று சொல்லுங்கள்' விளையாட்டுக்கு நானே முதலில் கைவிட்டுக் காட்டினேன். வகுப்பிலிருந்த பதினொரு பிள்ளைகளில் பாதிப்பேர் மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளைகள். நடக்கப் பழகும்போதே நண்டு பிடிக்கப் பழகினவர்கள். நான் பட்டினக்கடையில் பருப்பு நிறுத்து வளர்ந்தவன். என் விரலிலிருந்து நண்டைக் கழற்றிவிட்டவள் நாலு வயது ஜெனிற்றா.

"நண்டில பிழையில்லை சேர். அதுக்கு உங்களைத் தெரியாதெல்லே" என்று ஆறுதல் சொன்னாள்.

இந்த ஜெனிற்றாதான் கதை. அவளுடைய குடும்பம் அகதி முகாமிலிருந்து அந்த மாசிதான் வந்திருந்தது. சொந்த வீட்டில் சுவர் மட்டும் நின்றது. அதனால் வெளிநாட்டில் இருக்கும் யாருடையவோ வீட்டில் ஒரு அறையில் இருந்தார்கள். கடலுக்குப் போக அனுமதியில்லாத நாட்கள் அதிகம் என்பதால் தகப்பன் பெரும்பாலும் வலையைப் பிரித்துப் பிரித்துத் திரும்பப் பொத்திக்கொண்டிருப்பார்.

நண்டுக் காயம் ஆறியதும் எனக்கு அடுத்த யோசனை வந்தது. பிலோமினா ரீச்சரின் சிவப்புக் கோழி அடைக்கு நின்றது. வகுப்பு மூலையில் அடை வைப்போம், ஆளுக்கொரு முட்டை கொண்டுவாருங்கள், இருபத்தொரு நாளில் அவரவருக்கு அவரவர் குஞ்சு என்றேன். எங்களூரில் அடை வைக்கும் முட்டையில் கரியால் ஒரு கோடு போடுவார்கள், கோழி பிறகு இடுகிற முட்டையோடு கலந்துவிடாமலிருக்க. நான் கோட்டுக்குப் பதிலாகப் படம் கீறச் சொன்னேன். பூ, சைக்கிள், சூரியன், மாதா கோயில் என்று பத்து முட்டை வந்தது. எல்லாம் வீட்டுக் கோழியின் சின்ன, மங்கல் நிற முட்டைகள். பதினோராவது ஜெனிற்றாவுடையது. பெரிசு, பளிச்சென்ற வெள்ளை. அதில் ஒரு மீன் கீறியிருந்தாள்.

"எங்களிட்டக் கோழி இல்லை. அம்மா கடையில வாங்கித் தந்தவ" என்றாள். "குஞ்சு வந்தா நாங்களும் கோழிக்காரர்."

கடை முட்டை பொரிக்காது என்பது அந்தத் தீவில் முட்டைக்குள் இருக்கிற குஞ்சுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. முட்டை முட்டைதானே என்று வாங்கி வைத்தேன்.

பிலோமினா ரீச்சர் கூடைக்குள் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் செருகினார். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும், இரும்பு காக்கும் என்பது வழக்கம். அந்த நாட்களில் கடலேரிக்கு அப்பாலிருந்து ஷெல் சத்தம் பகலிலும் கேட்கும்.

"ஆணி இடிக்குத்தானே ரீச்சர்? ஷெல்லுக்கு?" என்று பனிக்கரடிப் பொடியன் கேட்டான்.

ரீச்சர் ஆணியை இன்னும் உள்ளே தள்ளினார். "அதுக்குக் கொஞ்சம் கூட வேணும் ராசா" என்றார். மறுநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படகு ஆணி, உடைந்த பூட்டு, சைக்கிள் சங்கிலித் துண்டு. ஜெனிற்றா கொண்டுவந்தது சொந்த வீட்டுப் பூட்டைத் திறக்கும் திறப்பு. "கதவு இல்லை சேர், திறப்பு மட்டும் கிடக்கு." பாவம் அந்தக் கோழி, ஒரு இரும்புக்கடையின்மேல் குந்தியிருந்தது.

எட்டாம் நாள் பிள்ளைகள் போனபின் சாமான் அறைக்குள் கதவைச் சாத்தி, ரீச்சர் ரோச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தார். பத்திலும் சிவப்பு நரம்பு ஓடியது. மீன் முட்டை வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இது கடை முட்டையல்லோ! சேவல் காணாத முட்டை. ஆர் வைச்சது?"

"நான்தான் ரீச்சர்."

"நல்லது. அப்ப நீரே அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்."

சொல்ல ஏலவில்லை. அவள் தினமும் காலையில் வந்து கூடைக்குள் வாயை வைத்து, "நான் ஜெனிற்றா, வந்திட்டன்" என்று மீனுக்கு மட்டும் சொல்லிவிட்டுத்தான் பாயில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முன்பள்ளிக்குப் பக்கத்து வீடு ஞானம்மா அக்காவுடையது. அவருடைய கோழியும் அடையிருந்தது, எங்களுடையதற்கு மூன்று நாள் முந்தி. அக்கா பூசைக்குப் போன நேரம் பார்த்து வேலிக்குள்ளால் புகுந்தேன். கோழியின் கீழே கைவிட்டு, இருப்பதில் பெரிசாய், வெள்ளையாய் ஒன்றை எடுத்தேன். நெற்றியில் இரண்டு கொத்து வாங்கினேன். அதில் மீன் கீறி கூடைக்குள் வைத்து, கடை முட்டையை முன்பள்ளிப் பின்பக்கம் பூவரசின் கீழே புதைத்தேன். ஏனோ எறிய மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஜெனிற்றா முட்டையை நெடுநேரம் பார்த்தாள்.

"சேர், என்ர மீன்ர வால் மற்றப் பக்கமெல்லே இருந்தது?"

"உள்ளுக்க குஞ்சு திரும்பிப் படுத்திருக்குப் பிள்ளை."

தலையாட்டினாள். அன்று மத்தியானம் ஞானம்மா அக்கா வேலியால் எட்டி ரீச்சரிடம் முறையிட்டார்: "ஐஞ்சு வைச்சனான் ரீச்சர், நாலுதான் கிடக்கு. சாரைப்பாம்பு வந்து குடிச்சிட்டுப் போட்டுது." நான் குனிந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தேன். மூக்கு ஒழுகாத பிள்ளைகளுக்கும்.

இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சு வந்தது. மீன் முட்டை அசையவில்லை. மறுநாள் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் கத்திக்கொண்டு ஓட, ஜெனிற்றா கூடையடியில் முழங்காலில் இருந்தாள்.

"இது கூழ், பிள்ளை. விடும்" என்றார் ரீச்சர்.

"இல்லை. அது நித்திரை. ஒருத்தரும் சூடு குடுக்காட்டி எப்பிடி எழும்பும்?"

என் மன ஆறுதலுக்காகத்தான் ரோச்சை எடுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாய் நிறைந்திருந்தது. அந்தக் கறுப்பு ஒருமுறை அசைந்தது. திரும்பக் கொண்டுபோய் ஞானம்மா அக்காவின் கோழிக்குக் கீழே வைக்கலாம்தான். ஆனால் மீன் கீறின முட்டையை எந்தச் சாரை கொண்டுவந்து வைக்கும்? ஆக, அந்த முட்டையை உலகத்தில் வேறு யாரிடமும் கொடுக்க முடியாதபடி நானே செய்துவைத்திருந்தேன். பஞ்சில் சுற்றி, சால்வையால் வயிற்றோடு கட்டிக்கொண்டேன்.

நாலு நாள். சாப்பிட்டது நிமிர்ந்து, படுத்தது மல்லாக்க. இரவில் உமிக் கூடையும் சுடுதண்ணீர்ப் போத்தலும். சைக்கிளில் பள்ளம் கண்டால் இறங்கித் தள்ளினேன். மூன்றாம் நாள் சோதனைச்சாவடியில் கடற்படைக்காரன் என் வயிற்றைப் பார்த்துத் துவக்கை நிமிர்த்தினான். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சிங்களம். பயத்தில் முட்டைக்கான சொல்லைத் தவிர முழுவதும் மறந்து, "பித்தர, பித்தர" என்று அவிழ்த்துக் காட்டினேன். அவன் முட்டையைக் காதில் வைத்துக் கேட்டான். முகம் மாறியது. இரண்டு கையாலும் திருப்பித் தந்து, "மெல்லப் போ" என்றான், தமிழில். ஊர் அவ்வளவு மரியாதை காட்டவில்லை. சந்தியில் பெடியள், "அடைக்கோழி போகுது, விலகுங்கோடா!" என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலைப் பாட்டு நடக்கையில் பனிக்கரடிப் பொடியன் கையை உயர்த்தினான்.

"சேர்ட வயிறு கத்துது."

பாட்டு நின்றது. சால்வையை அவிழ்த்தால் முட்டையில் ஒரு சின்ன உடைவு. உமிக்குள் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். மத்தியானம் கூட்டிப்போக வந்த தாய்மாரும் போகாமல் நின்றார்கள். அது மெல்ல மெல்ல ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தது. ஈரம் காய்ந்ததும் மஞ்சள். சொண்டு தட்டை. விரல்களுக்கிடையில் தோல்.

"தாரா!" என்றார் ரீச்சர். தாரா, அதாவது வாத்து, பொரிக்க இருபத்தெட்டு நாள் என்று அன்றைக்குத்தான் படித்தேன். தாராக்கள் ஒழுங்காய் அடையிருக்காதென்று ஊரில் அவற்றின் முட்டையைக் கோழிக்கு வைப்பார்களென்றும் அன்றைக்குத்தான் படித்தேன். செய்து கற்றல் என்பது இதுதான் போலும்.

ஜெனிற்றா அதைச் சட்டைக்குள் ஏந்தியிருந்தாள். அந்த நேரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானம்மா அக்கா வந்தார். குஞ்சைப் பார்த்தார். பிறகு என் நெற்றிக் காயத்தைப் பார்த்தார்.

"ஓகோ" என்றார். "சாரை இங்கயோ குடியிருக்குது?"

அவர் கையை நீட்டினால் அந்தக் குஞ்சு அவருடையது. ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஜெனிற்றா குஞ்சை இன்னும் இறுக்கிப் பிடித்து, "இது என்ர, அன்ரி. மீன் கீறினது. பாருங்கோ, இதுக்கு நீந்தவும் கால் கிடக்கு" என்றாள்.

அக்கா குனிந்து, கவனமாக அந்தக் காலைப் பார்த்தார்.

"ஓம், உன்ரதான். ஆனாத் தனிய நிண்டால் ஏங்கிச் செத்துப்போகும். என்ர வீட்டில நாலு பொரிச்சுக் கிடக்கு. பின்னேரம் அம்மாவோட வந்து துணைக்கு ஒண்டு கொண்டுபோ." நிமிர்ந்து என்னிடம், "சாரை, நீர் நாளைக்கு வந்து கோழிக்கூடு கழுவும்" என்றார்.

ஒரு மாதம் கழுவினேன். ஊரைவிட்டு வரும்வரை அந்த வீட்டில் எனக்குச் சாரை என்றுதான் பேர்.

போன வருடம் போயிருந்தேன். ஞானம்மா அக்கா இல்லை. வேலி மதிலாகிவிட்டது. முன்பள்ளி இருந்த இடத்தில் வாகனங்கள் நிற்கச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். பூவரசு இல்லை. கோழி அடை வைப்பவர் அந்த ஒழுங்கையில் ஒருவருமில்லை. குஞ்சுகள் காற்றோட்டத் துளை போட்ட மட்டைப் பெட்டியில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருகின்றன. இரும்பு வைக்கிற வழக்கமும் போய்விட்டது. ஷெல் சத்தமும் போய்விட்டது. அது ஒன்றுக்கு மட்டும் நான் கவலைப்படவில்லை.

ஜெனிற்றா கனடாவில். என் இலக்கத்தை எங்கோ தேடிப்பிடித்து இரண்டு வருடமாய் இடைக்கிடை பேசுகிறாள். சீமெந்தைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"சேர், வால் மாறினது எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் அழுற மாதிரி நிண்டீங்கள், அதான் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப என்ர முட்டையை என்ன செய்தனீங்கள்? அவிச்சுச் சாப்பிட்டிட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. பூவரசடியில புதைச்சனான். இப்ப அந்தச் சீமெந்துக்குக் கீழ."

பின்னணியில் அவளுடைய குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

"வெயிலுக்குச் சீமெந்து நல்லாச் சுடும்" என்றாள். "அடையில கிடக்கட்டும் சேர்."