நீல இழைகளை மறைக்காத கலாவதி

கலாவதி டீச்சரின் அறிக்கையை ஒதுக்கியது அநியாயம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் இறந்த செய்திக்கு வருவேன். வியாழக்கிழமை காலை மலைக்கோட்டைக் கடைவீதியில் நின்றபோது அவர் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

வேதியியல் ஆசிரியையாக ஓய்வு பெற்றபின், ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூலை ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஸ்ரீரங்கத்துக் கடைகளில் பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்கக் கட்டித் தரும் பார்சல் டீயில் எத்தனை பிளாஸ்டிக் துகள் இறங்குகிறது என்று எண்ணத் தொடங்கினார். நான் பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். மற்றதெல்லாம் நூலகத்தில் நானே படித்தது. டீ வாங்கி வருவது என் வேலை.

எண்ணுவது லேசு என்று நினைத்தேன். வடிதாளில் ஊற்றினால் பாலாடை அடைத்துக்கொள்ளும். அதைக் கரைக்க வீரியமான மருந்து போட்டால் சில துகள்களும் சேர்ந்து கரையும். துகளை ஒளிரவைக்கும் சாயம் கொழுப்பிலும் ஒட்டும். ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "மின்னுறதெல்லாம் பிளாஸ்டிக்தான் டீச்சர்" என்றேன்.

"அப்ப பால்காரர் ஊத்தினது எங்க போச்சு?" என்றார்.

வெளியிலிருந்து ஏதும் விழுகிறதா என்று, ஒவ்வொரு முறையும் வெறும் சுத்தத் தண்ணீரையும் அதே வழியில் வடித்துப் பார்ப்பார். ஒருநாள் அதில் நீல இழைகள். என் நீலச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டை என்ன துணி?"

"பாலியெஸ்டர். இஸ்திரி போட வேண்டாம்."

"அதுவும் பிளாஸ்டிக்தான். வெளிய நின்னு பேசுங்க."

ஒரு வார வேலை வீண். எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ஆனாலும் அந்த இழைகளை அறிக்கையில் எழுதினார். விட்டுவிடலாமே என்றேன். "இதை மறைச்சா மத்ததை யாரு நம்புவா?" என்றார்.

அறிக்கையைப் பரிசீலித்த கல்லூரிக் குழு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. "சுத்தத் தண்ணியிலயே இருக்கே, டீயை ஏன் குத்தம் சொல்றீங்க?"

"அது என் சட்டை" என்று எழுந்தேன்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார் தலைவர்.

"பத்தாவது."

"உக்காருங்க."

அறிக்கை அலமாரிக்குள் போனது. அதே குழு ஏற்றுக்கொண்ட இன்னோர் அறிக்கையில் தண்ணீர்ச் சோதனையே கிடையாது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அவருடைய எண்ணிக்கை நோட்டு என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன், நகல் எடுத்துக்கொள்ளலாம்.

கல்லூரி முதல்வர் அறிக்கையை அந்த வரியோடு முழுதாக வெளியிட வேண்டும். குழுத் தலைவர் ஒதுக்கிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும். டீயை எப்படி வடித்து எண்ணுவது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரே முறையை வகுக்க வேண்டும். அவர் எண்ணி முடிக்காத வடிதாள்கள் கண்ணாடித் தட்டுகளில் மூடியிருக்கின்றன. அவரிடம் படித்தவர்களில் இருவர் வந்து எண்ண வேண்டும். தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல்.