சன்னலோரத்தில் இருந்தவள்

விருதுநகரில், தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகப் பயிற்சி கொடுக்கும் அறையில்தான் அவரைப் பார்த்தேன். பைக்கிலிருந்து விழுந்த என் தம்பியைத் தினமும் அங்கே கூட்டிப் போவேன். அவர் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். வெடிவிபத்தில் சுவர் இடிந்து விழுந்து, இடது நெற்றிக்கு மேல் உள்ளங்கை அளவு குழி. அறைக்குள் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிய பிறகுதான் உட்காருவார்.

பழைய ஞாபகம் அவருக்குத் துண்டு துண்டாக இருந்தது. புதிதாக எதுவும் நிற்கவில்லை. பழக்குவதற்காகப் பயிற்சியாளர் என் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நிமிஷம் கழித்துக் கேட்பார், பத்து நிமிஷம் கழித்துக் கேட்பார், மறுநாளும் கேட்பார்.

"கோவிச்சுக்கிடாதீக தாயி, உங்க பேரு நிக்க மாட்டேங்குது" என்பார் என்னிடம்.

ஒரு மாதம் கழித்து, நான் நுழைந்ததும் அவரே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"செல்வி!"

எல்லோரும் கை தட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

"சன்னலோரம் நீதான இருந்தே? வெளிய ஓடியாந்துட்டியா?"

நான் எந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள்ளும் கால் வைத்ததில்லை. அவர் மனைவி என் காதருகே குனிந்தார்.

"வெடிச்ச ரூம்ல இருந்த ஒரு பிள்ளை பேரு மட்டும் இவுகளுக்கு வரவே இல்ல. அந்த எடத்துல ஒன்னைய வச்சிட்டாக. அந்தப் பிள்ளை பொழைக்கல, தாயி."

ஃபோர்மேன் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வந்துட்டேன், அண்ணாச்சி."

"காயம் எதுவும் இல்லையே?"

"இல்ல."

அவர் குலுங்கி அழுதார். அதன்பிறகு என் பெயரை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. யாராவது செல்வி என்று கூப்பிட்டால், இப்போதும் ஒரு நொடி தயங்கித்தான் திரும்புகிறேன்.