எந்தக் ‘கல்’?

தேதியும் கிழமையும் பிசகாமல் குறித்து வைக்கிற எனக்கு, தீவு இந்தியில் ஒரே ஒரு சொல்லோடுதான் பகை. ‘கல்’ என்றால் நேற்றும் ஆகும், நாளையும் ஆகும்.

போர்ட் பிளேரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் ஆய்வகத்துக்கு மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி, ‘நாளை’யை மட்டும் கற்றிருந்தார். ஒரு திங்கட்கிழமை மாலை, புண்ணில் சீழ் வைக்கும் பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நடுவே நிக்கோபாரின் கட்சால் தீவு இலைச்சாற்றின் கடைசிச் சொட்டை விட்டார். இனி இலை வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும். மழைக்காலத்தில் கப்பல் வருவது அதன் இஷ்டம்.

செவ்வாய் காலை, தட்டு கழுவும் வங்காளி, அண்ணன் என்ற பொருளில் நாங்கள் ‘தாதா’ என்பவர், மாணவியிடம் கேட்டார்: “கல்வாலா ப்ளேட் தோ தூன் க்யா?”

நாளைக்கு வேண்டிய தட்டைக் கழுவட்டுமா என்கிறார் என்று நினைத்து, அவரும் “ஹான், தாதா” என்று தலையாட்டிவிட்டார். மதியம் அதை என்னிடம் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ, நேத்து வச்ச தட்டைக் கழுவட்டுமான்னு கேட்டிருக்காரும்மா!”

“அண்ணே, என் இலை!” என்று ஓடினார். பின்னால் நானும் ஓடினேன்.

கழுவும் தொட்டி காய்ந்து கிடந்தது. தாதா டீ குடித்துக்கொண்டிருந்தார். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. சொட்டைச் சுற்றிப் பாக்டீரியா செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

“தோயா நஹீ?” என்று மாணவி மூச்சு வாங்கக் கேட்டார், கழுவவில்லையா என்று.

தாதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்னா ஜல்தி க்யா ஹை? கல் தோயேகா!” அப்படியென்ன அவசரம், ‘கல்’ கழுவுகிறேன் என்று.

இது எந்தக் ‘கல்’ என்று மாணவி என்னைக் கேட்கவில்லை.