கட்டிலில் இருந்த மூட்டை

மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வரும் நாற்றம் இருக்கிறதே, அதை ஒருமுறை மணந்தவருக்குச் சோற்றுக் கோப்பையிலும் அதுதான் மணக்கும். சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் விரல் நுனியை விட்டுப் போகாது. ரசத்தில் மிதந்த மிளகுத் தோலைக் கண்டு கோப்பையோடு கிணற்றடிக்கு ஓடியிருக்கிறேன்.

எல்லாம் அந்தத் தேக்குக் கட்டிலால் வந்த வினை. வெளிநாடு போகிற யாரோ வீட்டுச் சாமானை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் கணவர் போய் வாங்கிவந்தார். தேக்கு என்றால் அவருக்குக் கண்மண் தெரியாது. கொஞ்ச நாளில் மகளின் முதுகில் வரிசையாகத் தடிப்பு. நுளம்பு என்று நினைத்து வலை கட்டினோம். அவை வலைக்குள்ளே இருந்துகொண்டு கடித்தன.

மருந்தடிக்கிறவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் அடிப்பதாகச் சொன்னார். "உடுப்பெல்லாம் பொலித்தீன் பையிலை இறுக்கிக் கட்டுங்கோ. கட்டில், மெத்தை எல்லாம் முத்தத்திலை வையுங்கோ, அங்கை வைச்சு அடிக்கிறன். சுவரிலை ஒண்டும் தொங்கப்படாது."

மெத்தையின் தையலைப் பிரித்தேன். உள்ளே கறுப்புப் புள்ளிகளாக எச்சம், உரித்துப்போட்ட தோல், நடுவே எங்கள் இரத்தத்தைக் குடித்துத் தடித்த ஒன்று சாவகாசமாக நடந்து போனது. சாமிப் படங்களைக் கழற்றினால் அந்தச் சட்டத்துக்குள்ளும் குடித்தனம். பிள்ளையாருக்குப் பின்னால் முட்டை!

ஊருக்குத் தெரியக்கூடாது என்பது கணவரின் கட்டளை. "ஆரும் கேட்டால் பெயின்ற் அடிக்கப்போறம் எண்டு சொல்லு." நானும் தலையாட்டினேன். மூட்டை என்றால் ஊத்தைக் குடும்பம் என்றுதான் எங்கள் ஒழுங்கையில் கதைப்பார்கள்.

கட்டிலை முற்றத்தில் இறக்கி, அதன்மேல் உடுப்பு மூட்டைகளை அடுக்கினோம். பிறகு நான் உள்ளே போய் அலுமாரி இடுக்குகளைச் சுரண்டத் தொடங்கினேன். அப்போது படலையடியில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது. அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து, அன்றுதான் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் போகலாம் என்று துண்டு வெட்டிவிட, வீட்டுக்கு வருகிறாள்.

"தம்பி, பெயின்ற் அடிச்சு முடியுமட்டும் உந்தக் கட்டில் சும்மாதானே கிடக்கும்? பிள்ளைப்பெத்தவளுக்கு ஒருக்கா தாங்கோவன். எங்கடை கட்டிலின்ரை கால் ஆடுது."

முற்றத்தில் நின்ற என் கணவர் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்து நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். யன்னலால் எட்டிப் பார்த்தபோது அக்காவின் கணவரும் தம்பியும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டார்கள். என் மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"வாய்விட்டுக் கேட்கிறா. எப்பிடி இல்லை எண்டுறது? நாளைக்கு ஏதும் சாட்டுச் சொல்லித் திருப்பி எடுப்பம்."

"நாளைக்கோ? பச்சைப் பிள்ளையப்பா!"

அந்த நேரம் அவர் மேல் வந்த அருவருப்பு எனக்கு அந்தப் பூச்சிகள் மேல்கூட வந்ததில்லை. செருப்பும் போடாமல் ஒழுங்கைக்கு ஓடினேன். அக்கா தன் வீட்டுப் படலையை அகலத் திறந்து பிடித்திருந்தார்.

"அக்கா, வைக்கச் சொல்லுங்கோ! அதிலை மூட்டை!"

அவர் சிரித்தார். "மூட்டையை எல்லாம் இறக்கி வைச்சிட்டுத்தானே, தங்கச்சி, தூக்கினவை."

"உடுப்பு மூட்டை இல்லை அக்கா. கடிக்கிற மூட்டை! எங்கடை வீடு முழுக்க மூட்டைப்பூச்சி!"

தொண்டை கிழியக் கத்திவிட்டேன். தண்ணி இறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் தம்பி கட்டிலைத் தொப்பென்று போட்டுவிட்டுத் தோளைத் தட்டினார், சேர்ட்டைக் கழற்றி உதறினார். அக்கா படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். நானும் கணவரும் அந்தச் சனியனைத் திருப்பித் தூக்கிவந்தோம். வழி முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருந்தடித்தார்கள். மணம் போக வெகுநாள் சென்றது, ஆனால் பூச்சி ஒழிந்தது.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு அக்கா முறைப்படி வந்து சொன்னார். தலைக்கு முழுகி, புதுச் சீலை உடுத்துப் போனேன். பெண்கள் எல்லாரும் செற்றியில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அக்கா எனக்கு உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வாசலோரமாகப் போட்டார். தேத்தண்ணீருக்கும் பலகாரத்துக்கும் ஒரு குறையும் இல்லை. பிள்ளையைக் கைக்குக் கை மாற்றி வைத்திருந்தார்கள். பூப்போன்ற தோல், ஒரு தடிப்பு இல்லை. அது என் பக்கம் வரவில்லை, நானும் கை நீட்டவில்லை.

சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். படலையடியில் திரும்பிப் பார்த்தால், அக்கா அந்தக் கதிரையைத் தூக்கிவந்து, முற்றத்து வெயிலில் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.