தம்தம் போகும் வழியெல்லாம் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கம், ஆகஸ்ட் மாதம். காலையில் கதவைத் திறந்தால் டாக்குரியாவில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். இரவெல்லாம் கொட்டிய மழை இன்னும் விடவில்லை. மத்தியானம் எனக்கும் என் நான்கு வயது மகள் சுமிக்கும் தம்தம் விமான நிலையத்திலிருந்து பம்பாய்க்கு விமானம். அங்கிருந்து நைரோபி வழியாக லுஸாகா. என் கணவர் அங்கே பள்ளி ஆசிரியராகப் போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. சுமிக்கு அவர் முகம் புகைப்படத்தில்தான் பழக்கம்.

வெளிநாடு போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தடுப்பூசி. அம்மை, காலரா ஊசிகளோடு ஆப்பிரிக்காவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியும் வேண்டும்; போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். எல்லாம் ஒழுங்காக முடித்திருந்தேன். பாஸ்போர்ட், டிக்கெட், ஊசிப் புத்தகம், சுமிக்கு மாற்று உடை, ஜுர மருந்து எல்லாம் தோள்பையில். புடவைகளும் இட்லித் தட்டும் வடாமும் பெரிய பெட்டியில். மழைக்குத்தான் எந்த ஏற்பாடும் இல்லை.

என் மைத்துனன் ரமணி வங்கியில் வேலை பார்ப்பவன். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் முன்னே நடந்தான். சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால். தெருமுனையில் ஒரே ஒரு கைரிக்ஷா. பெட்டியும் ஆட்களும் சேர்ந்தால் இழுக்க முடியாது என்று ரிக்ஷாக்காரர் தலையசைத்துவிட்டார்.

"மன்னி, நீங்கோ ஏறிக்கோங்கோ. நான் பெட்டியோட பின்னாலயே வந்துடறேன்" என்றான் ரமணி.

"நீ எப்படி வருவே? வண்டியே கிடையாதே."

"வருவேன். நாழியாறது, ஏறுங்கோ."

ரிக்ஷா எங்களை இறக்கிவிட்ட பாலிகஞ்ச் ஃபாடி நாற்சந்தியில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. டாக்சிகள் நின்றன; ஆனால் தம்தம் என்றதும் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஜாபோ நா." வரமாட்டேன். இன்னும் இருபது கிலோமீட்டராவது போக வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக நின்றேன். ரமணியைக் காணோம்.

அடுத்து வந்த வயதான டிரைவர், "எங்கே?" என்று வங்காளியில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சுமி முந்திக்கொண்டாள்.

"பாபார் காச்சே ஜாபோ." அப்பாகிட்ட போறேன்.

அவர் அவளைப் பார்த்தார். "பாபா எங்கே இருக்கார்?"

"ஆப்பிரிக்காவுல" என்றேன் நான்.

"அவ்வளவு தூரம் என் வண்டி போகாது. தம்தம் வரைக்கும் பார்க்கலாம்" என்று கதவைத் திறந்தார்.

வழியில் இரண்டு இடங்களில் எஞ்சின் நின்றது. உலர்ந்த துணியால் ஈரத்தைத் துடைத்துத் துடைத்து அதைக் கிளப்பினார். விமான நிலையத்தில் கவுண்டரை மூடப் போகிற நேரம்.

"பெட்டி?" என்றார் அங்கிருந்தவர்.

"வந்துண்டிருக்கு."

"விமானம் காத்திருக்காது, மேடம்."

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். லுஸாகாவில் எங்களுக்காகக் காத்து நிற்கப் போகிறவரை நினைத்துக்கொண்டேன்.

"பெட்டி இல்லை" என்றேன்.

விமானத்தை நோக்கி நடக்கும்போது சுமி என் கையை இழுத்தாள். "அதோ காகு." சித்தப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பார்வையாளர் மாடத்தில் மார்பு வரை நனைந்து ரமணி நின்றிருந்தான், பெட்டி தலையிலேயே. அதை இறக்கிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி கப்பலிலும் பிறகு தரைவழியிலுமாக வந்து சேரும்வரை லுஸாகாவில் இன்னோர் ஆசிரியரின் மனைவி கொடுத்த புடவைகளைத்தான் கட்டினேன். ஒரு குறையும் இல்லை. ஆகவே, இல்லாமல் முடியாததை மட்டும் தோளில் வையுங்கள். மற்றதெல்லாம் பின்னால் வரலாம்.

வழியனுப்ப வருகிறவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் விமான நிலையத்துக்கென்று வைத்திருக்காதீர்கள். ஒன்றரை வருடம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டவனிடம், ரிக்ஷா நகர்ந்தபோது நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "பெட்டி நனையாம பார்த்துக்கோ."